சங்கத்துக் குளிர்காலம்

மெரிடன் க்ரீக்கில் குளிர்காலம் வந்துவிட்டது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆப்பிள் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. ஆற்றின் மேல் படுத்த மூடுபனி நண்பகல் வரை எழுந்திருக்க மறுத்தது. நெவில் ட்ரெலோரின் முழங்கால்கள் ஜூன் பிறந்ததுமே அறிவித்துவிட்டன. தெரியாமல் இருந்தது ஓர் இடத்துக்கு மட்டும்தான். மெரிடன் க்ரீக் சூனியக்காரிகள் சங்கம் குளிர்காலத்தை டிசம்பரில் வைத்திருந்தது.

மற்ற வருஷங்களில் இது நெவிலுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவின் டிசம்பர் வெயிலில், ரோட்டில் தார் உருகும் நாளில், அவர் மனைவி கோரலி கணுக்கால் வரை கம்பளி அங்கி போட்டுக்கொண்டு குளிர்கால முழுநிலவுச் சடங்குக்குக் கிளம்புவாள். திரும்பி வரும்போது முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருக்கும். அவர் தோட்டத்துக் குழாயைத் திறந்து அவள் மேல் தண்ணீர் அடிப்பார். "எப்படி இருந்துச்சு பனி?" என்பார். "வாய மூடு கிழவா, முதுகுல அடி" என்பாள் அவள்.

இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. கோரலிக்கு எலும்பு வரை புற்று பரவியிருந்தது. இருபது வருஷம் மீன் கடை வைத்து ஊருக்கே மீனும் உருளைக்கிழங்கும் வறுத்துப் போட்டவள், முன்னறை ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிக் கிடந்தாள்.

"நெவில், கதவத் தொறக்கச் சொல்லுய்யா" என்றாள் ஒரு நாள் காலையில்.

"தொறந்தா குளிர் உள்ள வரும்."

"இந்தக் கதவ இல்ல. சங்கத்துக் கதவ."

விஷயம் இதுதான். சங்கத்தில் சேரும் அன்று கண்ணைக் கட்டி வட்டத்துக்குள் அழைத்துப் போவார்கள். பின்னால் வட்டத்தின் கதவை மூடிவிடுவார்கள். கதவு என்றால் மரக்கதவு இல்லை. காற்றில் வரைகிற கதவு. அதன் பிறகு ஆயுசுக்கும் அந்த ஆள் வட்டத்துக்குள்தான் இருக்கிறார், கடைக்குப் போனாலும் சரி, கழிப்பறைக்குப் போனாலும் சரி. வெளியேறும் வேளை வந்தால் குளிர்கால முழுநிலவன்று வாசலில் ஒரு துடைப்பத்தைக் குறுக்கே வைத்து, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு தரம் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் "போறேன்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்.

நெவிலுக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. ஆப்பிள் பொதியும் கொட்டகையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டியே காலம் தள்ளியவர். தூக்கினால் கனக்கிறதைத்தான் அவர் நம்புவார். ஆனால் கோரலி நம்பினாள்.

"உள்ளயே நின்னு நின்னு அலுத்துப்போச்சு நெவில். எல்லாம் முடிஞ்சுபோச்சு, விளக்க அணைச்சாச்சு, கிளம்பலாம்னா வாசல் பூட்டிக் கெடக்கு. அப்படித்தான் இருக்கு எனக்கு."

தினமும் வந்துபோகும் தாதி ஜோலீன் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "இதுக்கு மேல குடுக்க மருந்து இல்ல, கண்ணு. இந்த உடம்பு எப்பவோ விட்டிருக்கணும். எதையோ புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. என்னன்னு பாத்து முடிச்சு விடுங்க. வலி தாங்க முடியல அவங்களால."

கட்டிய மனைவியைப் போகவிடுங்கள் என்று ஊராரிடம் போய்க் கெஞ்ச வேண்டும். கேட்டது கிடைக்காவிட்டால் அவள் துடிப்பாள். கிடைத்துவிட்டால் அவள் இருக்கமாட்டாள். நெவில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சங்கத்தின் தலைமைப் பூசாரி ஜனெல் பிரிட்சார்ட். நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் தலை நரைக்கும் வரை இருந்துவிட்டு, ஓய்வுபெற்றதும் சந்திரனைப் பொறுப்பேற்றுக்கொண்டவர். நெவில் போனபோது மூன்று வெப்பமூட்டிகளுக்கு நடுவே, மடியில் போர்வையும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஜனெல், ஒரு உதவி..."

"சங்க விஷயம்னா என்னய வெள்ளி ஆந்தைன்னு கூப்புடணும், நெவில்."

"வெள்ளி ஆந்தை," என்றார் நெவில். அறுபத்தெட்டு வயதில் அந்தச் சொல் வாயில் சரியாக உட்காரவில்லை. "கோரலி தாங்கமாட்டேங்குறா. இந்தப் பௌர்ணமிக்கு அவளுக்குக் கதவத் தொறந்து விட்டுடுங்க."

"தாராளமா. குளிர்கால முழுநிலவுக்குத் தொறக்கத்தானே போறோம். டிசம்பர்ல."

"இப்பதானே குளிர்காலம்?"

ஜனெல் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "யார் சொன்னா?"

நெவில் ஜன்னலைக் காட்டினார். கண்ணாடியில் பனி பூத்திருந்தது.

"நான் எத்தனையோ வருஷம் கட்டட அனுமதி குடுத்தவ, நெவில். ஜன்னல் வழியா எட்டிப் பாத்து வீடு கட்ட முடியாது. வரைபடத்தப் பாத்துத்தான் கட்டணும். எங்க தாய்ச்சங்கம் வடக்க, பூமியோட அந்தப் பாதியில இருக்கு. மூலநூல் அங்க எழுதுனது. குளிர்கால முழுநிலவு டிசம்பர்னு அதுல போட்டிருக்கு. ஆளாளுக்கு வாசல்ல நின்னு இன்னிக்குக் குளிருது, நாளைக்கு வேர்க்குதுன்னு சடங்க மாத்துனா, அப்புறம் சூனியத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் என்ன வித்தியாசம்?"

"டிசம்பர் வரைக்கும் அவ இருக்கமாட்டா."

"நம்ம சங்கத்து வால்மாய் அம்மா இருந்தாங்களே! ஏப்ரல்லயே டாக்டர் கை விரிச்சுட்டார். டிசம்பர் வரைக்கும் தாக்குப் புடிச்சு, சடங்கு முடிஞ்ச மறுநாள் கச்சிதமாப் போனாங்க. உறுப்பினர்னா அவங்க உறுப்பினர். கோரலிகிட்ட நான் ரொம்ப எதிர்பாத்தேன்."

நெவிலின் கைகள் தொப்பியைக் கசக்கின. கோபப்பட அவருக்கு அவகாசம் இல்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஜனெல் மனம் இளகி, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். சங்கம் கூடித் தீர்மானம் போட்டால், ஒரே ஒரு மாலைக்கு மட்டும், தற்காலிகமாக, குளிர்காலத்தை அங்கீகரிக்கலாம். அதற்குச் சான்று வேண்டும்.

"எதுக்குச் சான்று?"

"குளிர்காலம்ங்கறதுக்கு."

ஜூன் பௌர்ணமி அன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர் மண்டபத்தில் சங்கம் கூடியது. நெவில் குதிரைத்தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியைப் பெயர்த்து ஒரு வாளியில் கொண்டு போனார். மண்டபத்தில் எல்லா வெப்பமூட்டிகளும் எரிந்தன. உறுப்பினர்கள் கழுத்தில் துண்டும் கையில் சூடான சூப்பும் வைத்துக்கொண்டு, இது குளிர்காலம்தானா என்று யோசித்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரி க்ரெய்க், சங்கப் பெயர் இரவுக் காகம், பகலில் டயர் வியாபாரி, வாளியைப் பார்த்தார். "சான்றுகள் கடைசியிலதான். முதல்ல மத்த விஷயங்கள்."

மற்ற விஷயங்கள் நிறைய இருந்தன. பூனைகளை மண்டபத்துக்குள் விடலாமா என்பதில் ஒரு மணி நேரம் போனது. வட்டம் சுற்றுவது கடிகாரப்படியா, சூரியன்படியா என்ற பழைய சண்டை கிளம்பியது. தெற்கே நமக்குச் சூரியன் கடிகாரத்துக்கு எதிராகத்தான் சுற்றுகிறது என்று ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரை எல்லோரும் உட்கார வைத்தார்கள். வாளி ஓரமாக இருந்தது. நெவில் அதைத் தன் கோட்டால் மூடி, வெப்பமூட்டிக்குக் குறுக்கே தானே நின்றார். கால் முட்டி வெந்தது.

ஒருவழியாக க்ரெய்க் கோட்டை விலக்கினார். "இது தண்ணி."

"வரும்போது பனிக்கட்டியா இருந்துச்சு."

"வரும்போது என்னவா இருந்துச்சுங்கறது வாளியோட சொந்த விஷயம். சபை பாக்கும்போது தண்ணி."

"வெளிய வந்து பாருங்கய்யா! புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கு. கையெடுத்துக் கும்பிடறேன், ஒரே ஒரு தரம் வெளிய வந்து பாருங்க."

"வெளிய இருக்கறது மேல இந்தச் சபைக்கு அதிகாரம் கெடையாது" என்றார் க்ரெய்க் வருத்தத்தோடு. அவர் நல்ல மனிதர். அதுதான் இதில் கொடுமை.

அவர்கள் தாய்ச்சங்கத்தைக் கேட்பது என்று முடிவுசெய்து எழுந்தபோது மலைக்கு மேலே ஜூன் நிலவு ஏறிவிட்டிருந்தது. சறுக்கிவிடக் கூடாது என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உறைந்த புல்லின் மேல் உறுப்பினர்கள் பதனமாக நடந்து போனார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை.

வீட்டில் கோரலி தூங்கவில்லை. "தொறந்தாங்களா?"

"பாத்துட்டு இருக்காங்க."

"நீ பொய் சொல்றப்ப மூக்கச் சொறியற, நெவில்."

ஜூலையில் க்ரெய்க் பரிசோதனைக்காக வீட்டுக்கே வந்தார். தாய்ச்சங்கம் சம்மதித்தால் தாமதமாகக் கூடாது என்று முன்யோசனை. கறுப்பு அங்கிக்கு மேலே, ரோடு போடுகிறவர்கள் மாட்டுகிற பளபளப்பு மஞ்சள் சட்டை போட்டிருந்தார். கட்டிலை நாடாவால் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டில் போகாது. வட்டத்துக் கதவு துடைப்பத்தோட நீளம்தான். இது அத விட அகலம்."

வலியில் உதட்டைக் கடித்துக் கிடந்த கோரலி கண்ணைத் திறந்தாள். "அப்ப என்னயத் துடைப்பத்து மேல உக்கார வெச்சு அனுப்புங்கடா. ஒரேயடியாப் பறந்துடறேன்."

க்ரெய்க் அதையும் யோசித்தார். "பறக்கறதுக்கு நம்ம காப்பீட்டுல இடம் இல்லையே, கோரலி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அலறலானது. ஜோலீன் ஊசியோடு ஓடி வந்தாள். க்ரெய்க் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் நெவிலின் தோளைத் தட்டினார். "வருத்தமா இருக்கு, நெவில். ஆனா அளவுன்னா அளவு."

தாய்ச்சங்கத்தின் பதிலைக் கேட்க நெவில் மறுபடி ஜனெலின் வீட்டுக்குப் போனார். ஜனெல் வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திப் படித்தார். "இங்கே தற்போது வெயில் கொளுத்துகிறது. எனவே, குளிர்காலம் என்று தாங்கள் குறிப்பிடுவதை எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை. உறுப்பினரின் பொறுமைக்கு எங்கள் பாராட்டுகள்."

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். "பாராட்டியிருக்காங்க, பாத்தீங்களா. எல்லாருக்கும் எழுத மாட்டாங்க."

நெவில் வாழ்நாளில் யாரிடமும் மண்டியிட்டதில்லை. அன்றைக்கு ஜனெலின் தோட்டத்தில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே, உறைந்த சேற்றில் மண்டியிட்டார். "அவ வலியில துடிக்கறா. ராத்திரியெல்லாம் கதவு கதவுன்னு சொல்லுறா. நீங்க சும்மா வந்து நின்னு பேரச் சொன்னாப் போதும். யாருக்கும் தெரிய வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்."

ஜனெலின் கண் கலங்கத்தான் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விதிகளைக் காப்பாற்றுகிறவர்கள் கண் கலங்கினால் விதிகள் கலங்குவதில்லை. "எழுந்திருங்க, நெவில். ஈரம். சளி புடிச்சுக்கும்."

"எப்படிப் புடிக்கும்?" என்றார் நெவில், முழங்காலில் நின்றபடியே. "இப்பக் கோடையாச்சே."

ஜூலைப் பௌர்ணமியன்று அவர் யாரையும் கேட்கவில்லை. பின்கட்டிலிருந்து துடைப்பத்தை எடுத்துவந்தார். ஆப்பிள் கொட்டகையில் பெருக்குகிற பச்சை நிற பிளாஸ்டிக் துடைப்பம். அவரும் ஜோலீனுமாகக் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். இருக்கிற கம்பளியையெல்லாம் கோரலிக்குப் போர்த்தினார்கள். ஜோலீன் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டாள். மலைக்குப் பின்னால், நிலவு வரும் பக்கம், வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"அத எங்கய்யா எடுத்த?" என்றாள் கோரலி, துடைப்பத்தைப் பார்த்து.

"நம்மளுதுதான்."

"அதுல ஒரு நாளாவது பெருக்கியிருக்கியா நீ?"

அவர் அதை வராந்தாப் படியில் குறுக்கே வைத்தார். படிக்குக் கீழே இறங்கி, பனிப்புல்லில் நின்றுகொண்டார். என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிலவு மலைவிளிம்பில் தலை காட்டியது.

"கோரலி."

"இருக்கேன்."

"கோரலி."

"இருக்கேன். சத்தமாக் கூப்புடுய்யா. கடையில ஆர்டர் கூவுற மாதிரி."

மூன்றாம் தரம் அவருக்கு வாய் வரவில்லை. இதற்காகத்தான் வாளி தூக்கினார், இதற்காகத்தான் சேற்றில் மண்டியிட்டார். இப்போது ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்த ஒரு பெயரைச் சொல்லத்தான் அவரால் முடியவில்லை. நம்பிக்கையே இல்லாத சடங்கில் நின்றுகொண்டு, அது பலித்துவிடுமோ என்று நடுங்கினார். நிலவு முழுசாக மேலே வந்து, வராந்தாவும் கட்டிலும் அவள் முகமும் வெள்ளையாகின.

"என்னய்யா," என்றாள் அவள் மெதுவாக. "ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டியா?"

"கோரலி" என்றார் அவர்.

"போறேன்."

பிறகு அவள் கேட்டாள். "நீ சங்கத்துல இல்லையே. இது செல்லுமா?"

"செல்லும்."

"ஜனெல் ஒத்துக்கமாட்டா."

"அவ கெடக்கா."

"மூக்கச் சொறியல நீ" என்றாள் கோரலி. அன்றைக்கு ராத்திரி அவள் அலறவில்லை. அந்த வாரமே ஒரு காலையில், அவர் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, போய்விட்டாள்.

டிசம்பரில் சங்கத்திலிருந்து நெவிலுக்கு அழைப்பு வந்தது. முறைகேடான வெளியேற்றம் ஒன்று குறித்து விசாரித்து முடிவு சொல்ல இருப்பதாகவும், கதகதப்பான உடையில் வரும்படியும் சொன்னார்கள். ஜோலீன் ஊரில் யாரிடமோ சொல்லப்போக, பச்சைத் துடைப்பத்தின் விஷயம் சங்கத்துக்குப் போய்விட்டிருந்தது. நெவில் போனார். அவர்கள்மேல் கோபம் தீரவில்லைதான். ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டார், எந்த அறையிலும் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரெங்கும் தீ மூட்டத் தடை. மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் பேட்டரி மெழுகுவத்திகள் மினுங்கின. புல் காய்ந்து சருகாகக் கிடந்தது. அதன் மேல் க்ரெய்க் டிவிப் பெட்டிகளில் வருகிற வெள்ளை நுரைத் துண்டுகளைப் பனியாகத் தூவியிருந்தார். கம்பளி அங்கிக்குள்ளிருந்து உறுப்பினர்களின் வேர்வை சொட்டியது. ஓர் அம்மாள் மயங்கி விழுந்தார். "குளிர் தாங்கல பாவம்" என்று அவரை நிழலுக்குத் தூக்கிப்போய் விசிறினார்கள்.

மூலநூலில் சொன்னபடி எல்லோரும் தெற்கே பார்த்து நின்றார்கள். நிலவு வடகிழக்கில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. வட்டத்துக்கு வெளியே, உறவினருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நெவில் மட்டும்தான் அதைப் பார்த்தார்.

ஜனெல் தொண்டையைச் செருமினார்.

"உறுப்பினர் அல்லாத ஒருத்தர், பருவம் தவறி, பிளாஸ்டிக் துடைப்பத்தால, அளவு சரிபாக்காம தொறந்ததாச் சொல்ற கதவு, கதவே இல்ல. அது வழியா யாரும் வெளியேற முடியாது. ஆகவே கோரலி ட்ரெலோர் போனதா இந்தச் சங்கம் ஏத்துக்கல. சங்கத்தப் பொறுத்தவரைக்கும் அவங்க இன்னும் வட்டத்துக்குள்ளதான் இருக்காங்க. எங்கயும் போகல." நெவிலைக் கண்டிப்போடு பார்த்தார். "இத நீங்க புரிஞ்சுக்கணும். அவங்க போகல."

நெவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூலையிலிருந்து இன்றைக்கு வரை ஊரில் பார்த்தவர்களெல்லாம் அவள் போய்விட்டாள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பாதிரியார் சொன்னார், வங்கியில் சொன்னார்கள், மீன் கடையை வாங்கியவன்கூடச் சொன்னான்.

வட்டத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. வெளியேறாத உறுப்பினருக்கு இடம் விட வேண்டும் என்பது விதி. நுரைப்பனி அந்த இடத்தில் மிதிபடாமல் கிடந்தது.

"கவலப்படாதீங்க" என்றார் ஜனெல், குரல் கனிந்து. "தவற முறைப்படுத்திடலாம். முன்னாடியே கேட்டீங்க, இப்பத் தொறக்கறோம். நெருங்கின சொந்தம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

க்ரெய்க் அசல் பிர்ச் மரக் குச்சித் துடைப்பத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாசலில் வந்து நின்றார். இத்தனை பேரும் எத்தனையோ மாதமாகக் கொடுக்க மறுத்ததைக் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க, நெவில். சீக்கிரம். வேர்... குளிருது எல்லாருக்கும்."

"விதிப்படி அவ உள்ளதான் இருக்கா?" என்றார் நெவில்.

"விதிப்படி."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல. நீங்க அன்னிக்குச் செஞ்சது எதுவும் செல்லாது."

"அப்ப தொறக்க வேணாம்."

"என்னது?"

"தொறக்க வேணாம். அவ அங்கயே இருக்கட்டும்."

க்ரெய்க் துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அப்படி ஒரு கட்டத்துக்கு மூலநூலில் ஒன்றும் சொல்லவில்லை. ஜனெல், அடுத்த டிசம்பர் வரைக்கும் அவங்க உள்ளதான் இருந்தாகணும், பரவாயில்லையா என்று எச்சரித்தார்.

"சரி" என்றார் நெவில். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அந்தக் காலி இடத்துக்கு நேர் பின்னால் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும்," என்றார். "அந்தக் கம்பளிய மட்டும் அவளக் கழட்டச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்தா, முதுகுல குழாய்த் தண்ணி அடிக்கச் சொல்லி என் உயிர எடுப்பா."